புது டெஸ்க்டாப்: லோடு கொடுத்த நொடியில் 100 டிகிரி. கூலரா, பேஸ்டா, பயாஸா?

#1 இரவுரெண்டர்

எல்லோருக்கும் வணக்கம். வீடியோ எடிட்டிங்குக்காகவும், நேரம் கிடைத்தால் கொஞ்சம் கேமுக்காகவும் புது டெஸ்க்டாப் ஒன்று அசெம்பிள் செய்திருக்கிறேன். பிராசசர் இன்டெல் கோர் ஐ5-13600கே. மதர்போர்டு இசட்690, ராம் டிடிஆர்4 32 ஜிபி. கூலர் மட்டும் பழசு. முந்தைய கணினியில் ஐ5-10400 மேல் இருந்த இரட்டை டவர் ஏர் கூலர், இரண்டு 120 மிமீ ஃபேன்களோடு. அங்கே எவ்வளவு நேரம் ரெண்டர் போட்டாலும் 60 டிகிரி தாண்டியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எடுத்து இதில் மாட்டினேன்.

இப்போது நிலவரம்: பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்பு) திரையில் 58 டிகிரி. விண்டோஸில் சும்மா இருக்கும்போது 48க்கும் 55க்கும் நடுவில் ஆடுகிறது. சினிபெஞ்ச் ஆர்23 (பிராசசரின் வேகத்தைச் சோதித்து ஸ்கோர் தரும் மென்பொருள்) மல்டி கோர் ஓடவிட்டால், பட்டனிலிருந்து கையை எடுப்பதற்குள் 100. உடனே பி கோர்களின் (வேகமான முதன்மைக் கோர்கள்) வேகம் 3.9 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஸ்கோர் 18,700. மற்றவர்களுக்கு இதே பிராசசரில் 24,000 பக்கம் வருகிறது என்கிறார்கள்.

ஃபேன்கள் நன்றாகச் சுற்றுகின்றன, சத்தமும் பலமாகவே கேட்கிறது. கூலரின் அடியில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை, வருடக்கணக்காக ஓடிய கூலர். ரூமில் 29 டிகிரி. கணினி தானாக அணையவில்லை, ஹேங் ஆகவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டும் முழுக்க முழுக்க 100லேயே ஓடுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிராசசரையே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

#2 குளிர்காற்று

13ஆம் தலைமுறை என்றாலே சூடுதான். ஏர் கூலர் காலம் முடிந்துவிட்டது. 360 மிமீ லிக்விட் கூலர் ஒன்று போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

#3 வாட்கணக்கு

இரவு, எதையும் வாங்க வேண்டாம், எதையும் திருப்பித் தரவும் வேண்டாம். முதலில் கொஞ்சம் தகவல் வேண்டும்.

வெறும் டிகிரியைச் சொன்னால் அது பாதிக் கதை. அந்த நேரத்தில் பிராசசர் எத்தனை வாட் எடுத்தது என்பதும் தெரிந்தால்தான் யார் மேல் குற்றம் என்று சொல்ல முடியும். 180 வாட் எடுத்துக்கொண்டு 95 டிகிரி என்றால் அது ஒரு ரகம். 80 வாட்டிலேயே 95 என்றால் அது வேறு ரகம், அதற்கும் பிராசசரின் தலைமுறைக்கும் சம்பந்தம் கிடையாது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளை இறக்கி, சென்சார் மட்டும் காட்டும்படி திறந்துகொள்ளுங்கள். சினிபெஞ்ச் ஓடும்போது ‘சிபியு பேக்கேஜ் பவர்’ என்ற வரியில் என்ன எண் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் இந்த மூன்றையும் கவனியுங்கள். 100ஐத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது? சினிபெஞ்சை நிறுத்தினால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது? லோடு ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கூலரின் அலுமினிய இதழ்களையும், அடியில் செப்புக் குழாய்கள் வளைகிற இடத்தையும் விரலால் தொட்டால் எப்படி இருக்கிறது? ஃபேன் பக்கம் விரலை நீட்டாமல் தொடுங்கள்.

பயப்படாமல் இருக்க ஒரு வார்த்தை: இந்தச் சிப்பின் உச்ச வரம்பே 100 டிகிரிதான். அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் கணினி பட்டென்று அணைந்துவிடும். ஆகவே இன்றைக்கே கருகிப்போகாது. அதற்காக மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

பயாஸில் 58 என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். விண்டோஸில் வேலை செய்கிற மின்சேமிப்பு அங்கே முழுதாக இயங்காது, எப்போதும் சூடு கூடுதலாகத்தான் காட்டும்.

#4 குளிர்காற்று

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? லிக்விட் போட்டால் 20 டிகிரி குறையும், அவ்வளவுதானே.

#5 திருப்புளி

குறையாது என்பதுதான் விஷயம். அடித்தகடு சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை என்றால் மேலே இருப்பது அலுமினியமா தண்ணீரா என்பது சிப்புக்குத் தெரியவே தெரியாது. இதே வேலையை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்: லிக்விட் கூலர் வாங்கிப் போட்டும் அதே 100 என்று கொண்டு வருகிறார்கள். கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் திருகு பாதியில் நிற்கும், இல்லாவிட்டால் பம்பின் வயர் எதிலும் செருகாமல் தொங்கும்.

#6 இரவுரெண்டர்

பார்த்துவிட்டேன். 100 டிகிரியில் பேக்கேஜ் பவர் 89 வாட். ஆரம்பத்தில் ஒரு கணம் 150 தாண்டிக் காட்டி, உடனே 89, 90 என்று நின்றுவிடுகிறது. 100ஐத் தொட இரண்டு நொடிகூட ஆகவில்லை. நிறுத்தினால் அதே வேகத்தில் 60க்குக் கீழே விழுகிறது.

தொட்டுப் பார்த்ததுதான் ஆச்சரியம். மேலே இதழ்கள் ரூமில் கிடக்கும் மற்ற சாமான்களைப் போலத்தான் இருக்கின்றன. அடியில் குழாய் வளைகிற இடத்தில் லேசான வெதுவெதுப்பு. உள்ளே 100 டிகிரி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

#7 வாட்கணக்கு

போதும், பாதி விடை வந்துவிட்டது. சின்னக் கணக்கு போடுவோம்.

சிப் 100, ரூம் 29. வித்தியாசம் 71 டிகிரி. அதை 89 வாட்டால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 0.8 டிகிரி. உங்களுடையது போன்ற இரட்டை டவர் கூலர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இந்தப் பிராசசரில் இந்த எண் 0.3 பக்கம் வர வேண்டும். இரண்டரை மடங்கு மோசம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஃபேன் வேகமோ கேபினட்டோ பயாஸோ உண்டாக்காது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடக்கவே முடியாமல் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் தொட்டுப் பார்த்ததும் அதையேதான் சொல்கிறது. இங்கே பலர் ‘கூலர் குளிராக இருந்தால் வெப்பம் வந்து சேரவில்லை’ என்பார்கள். அது சரியில்லை. 89 வாட்டும் அந்தக் கூலர் வழியாகத்தான் வெளியேறுகிறது, வேறு வழி கிடையாது. 89 வாட்டை வெளியேற்ற இவ்வளவு பெரிய இதழ்த் தொகுதிக்குச் சில டிகிரி கூடினால் போதும், அதனால்தான் குளிர்ச்சியாகத் தெரிகிறது. அதாவது கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. குழாயின் அடியில் வெதுவெதுப்பு, அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே 100. ஆக, 71 டிகிரியில் பெரும்பகுதி அந்தச் சில மில்லிமீட்டரிலேயே விழுகிறது.

நேரமும் இதற்கு இன்னொரு சாட்சி. கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை என்றால் வெப்பநிலை நிமிடக்கணக்கில் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஒரு கிலோ உலோகம் சூடேற வேண்டுமே. இரண்டு நொடியில் உச்சிக்குப் போய், நிறுத்தியதும் விழுகிறது என்றால் அந்த உலோகம் ஆட்டத்திலேயே இல்லை.

கழற்றுங்கள். கழற்றும்போது, சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் வைத்த பேஸ்ட் பதிந்திருக்கும் விதத்தைத் துடைப்பதற்கு முன் நன்றாகப் பாருங்கள்.

#8 பேஸ்ட்பிரியன்

என் துறை வந்துவிட்டது! பேஸ்டை எப்படி வைத்தீர்கள்? நடுவில் ஒரு துளியா, குறுக்குக் கோடா? உங்கள் எல்ஜிஏ1700 சாக்கெட் சிப் சதுரம் கிடையாது, 45க்கு 37.5 மிமீ செவ்வகம். நடுவில் ஒரே ஒரு துளி வைத்தால் இரண்டு ஓரங்களும் காய்ந்து கிடக்கும். நான் எப்போதும் பெருக்கல் குறி போட்டு, நான்கு இடைவெளியிலும் சிறு புள்ளி வைப்பேன். எந்த பேஸ்ட் என்பதும் முக்கியம்.

#9 திருப்புளி

துளி வைத்தாலும் பெருக்கல் குறி போட்டாலும் அழுத்தம் சரியாக இருந்தால் முடிவில் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். நல்ல பேஸ்டுக்கும் சுமார் பேஸ்டுக்கும்கூட அப்படித்தான். பேஸ்ட் என்பது வெப்பத்தைக் கடத்தவே லாயக்கில்லாத ஒரு பொருள், காற்றைவிட எவ்வளவோ மேல் என்பதால்தான் வைக்கிறோம். செம்பு மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட் கடத்தும். கடையில் விற்கும் பேஸ்ட் பெரும்பாலும் அதில் நாற்பதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. காற்று 0.026. ஆகவே காற்றை விரட்டும் அளவுக்கு மெல்லிய படலம் இருந்தால் போதும். தடிமனாக நின்றால் பேஸ்டே போர்வை ஆகிவிடும்.

#10 பேஸ்ட்பிரியன்

ஒன்றிரண்டு டிகிரிக்காகத்தான் நாங்கள் வாழ்கிறோம் ஐயா.

#11 இரவுரெண்டர்

கழற்றிவிட்டேன். நான் பேஸ்டை நீளவாக்கில் ஒரு கோடாக வைத்திருந்தேன். அது நசுங்கிப் பரவியிருக்கிறது, ஆனால் தடித்த கூழாகவே நிற்கிறது. ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. எதிர் ஓரத்தில் பேஸ்டின் மேல் கூலரின் அடித்தகட்டுத் தடமே இல்லை, வைத்தபடி மேடாக இருக்கிறது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, பேஸ்ட்பிரியன் சொன்னபடி பெருக்கல் குறியும் புள்ளியும் வைத்து மறுபடி மாட்டினேன். திருகுகள் நான்கையும் இனி திரும்பாது என்கிற வரை முடுக்கினேன். இப்போது 100 டிகிரியில் 101 வாட். கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் அதே 100தான்.

#12 பேஸ்ட்பிரியன்

12 வாட் லாபம். என் கடமை முடிந்தது.

#13 பழையசிப்பு

இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி, முதல் பதிவிலேயே விடை இருக்கிறதே, யாரும் கேட்கவில்லையா? 10400 உட்கார்ந்தது எல்ஜிஏ1200 சாக்கெட். 13600கே உட்காருவது எல்ஜிஏ1700. கூலரை இடம் மாற்றும்போது மவுன்டிங் கிட்டையும் (கூலரைப் போர்டில் பொருத்தும் தகடு, திருகுத் தொகுப்பு) மாற்றினீர்களா?

இரண்டு சாக்கெட்டுக்கும் துளைகளின் இடைவெளியே வேறு. பழையதில் 75 மிமீ, புதியதில் 78 மிமீ. அதனால் பழைய கிட் மாட்டவே மாட்டாது என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் ஒருசில போர்டுகளில் இரண்டு ஜோடித் துளைகளும் இருக்கும். சில கூலர்களின் பின்தகட்டில் துளைக்குப் பதிலாக நீளமான பள்ளம் இருக்கும், இரண்டுக்கும் இழுத்துப் பொருத்திவிடலாம். அங்கேதான் வில்லங்கம். துளை பொருந்தினாலும் உயரம் பொருந்தாது. 1700இல் சிப்பின் மேல்மட்டம் போர்டிலிருந்து முன்பைவிட ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும். பழைய ஸ்டாண்டாஃப், அதாவது கூலரைத் தாங்கும் சிறு தூண், பழைய உயரத்துக்குச் செய்தது. திருகு ஸ்டாண்டாஃபின் தோளில் போய் முட்டி நின்றுவிடும், உங்கள் கைக்கு ‘இறுகிவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் ஸ்பிரிங் இன்னும் அழுத்தவே ஆரம்பித்திருக்காது.

சோதிக்க எளிய வழி: கணினியை அணைத்துவிட்டு, கூலரின் டவரை இரு கையாலும் பிடித்து இடம் வலமாக மெல்லத் திருகிப் பாருங்கள். நன்றாக மாட்டிய கூலர் என்றால் போர்டும் சேர்ந்துதான் அசையும்.

#14 இரவுரெண்டர்

அசைகிறது. கூலர் மட்டும் தனியாக, மயிரிழை அளவுக்கு இப்படியும் அப்படியும் திரும்புகிறது. பேஸ்ட் வழுக்குவது கையில் தெரிகிறது. என் போர்டில் இரண்டு ஜோடித் துளைகளும் இருக்கின்றன, பழைய கிட்டை அப்படியே பழைய துளைகளில்தான் பொருத்தியிருக்கிறேன். துளை இருக்கிறது என்றால் பொருந்தும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

#15 திருப்புளி

பழையசிப்பு அண்ணா, வணக்கம். பல வருடமாக இந்தப் பக்கம் தலை காட்டாமல் இருந்துவிட்டு ஒரே பதிவில் முடித்துவிட்டீர்கள்.

இரவு, கூலர் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு 1700 கிட் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 கடைசியில் 12ஆம் தலைமுறை வந்தபோது சில நிறுவனங்கள் பழைய கூலர் வைத்திருப்பவர்களுக்குக் கிட்டை இலவசமாகவே அனுப்பின. வாங்கிய ரசீதின் படம் கேட்பார்கள்.

#16 குளிர்காற்று

கிட் வரும் வரை ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் போட்டு முடுக்கினால் போதாதா? முக்கால் மில்லிமீட்டர்தானே.

#17 பழையசிப்பு

போட்டவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு வேலையும் செய்திருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். நான்கு முனையிலும் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கையால் அளக்க முடியாது. கூடிப்போனால் போர்டு வளையும், ஒரு பக்கம் மட்டும் கூடினால் சாக்கெட்டின் பின்கள் சிலவற்றில் தொடர்பு விட்டுப்போய் ஒரு ராம் ஸ்லாட் காணாமல் போகும். அப்புறம் அதைத் தேடி இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

அதுவரை பயாஸில் பவர் லிமிட்டை 65 வாட்டாகக் குறைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு நேரம் கூடும், ஆனால் 100க்குப் போகாது.

#18 பேஸ்ட்பிரியன்

எல்ஜிஏ1700 என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தச் சாக்கெட்டின் பூட்டு சிப்பை இரண்டு பக்க நடுவில் மட்டும் அழுத்துவதால் நீளவாக்கில் லேசாக வளைகிறதே, அதற்கு, பூட்டுக்குப் பதிலாகப் போடும் கான்டாக்ட் ஃபிரேம் என்று தனியாக விற்கிறார்கள். அதையும் சேர்த்து வாங்கிவிடலாமே?

#19 வாட்கணக்கு

வளைவது உண்மை. ஆனால் அதனால் கிடைப்பது பொதுவாகச் சில டிகிரிகள், இங்கே நாம் தேடுவது நாற்பதுக்கும் மேல். தவிர, சாக்கெட்டின் பூட்டை மாற்றினால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்று இன்டெல்லே 2022இல் சொல்லியிருக்கிறது. புதுச் சிப்பில் அந்த வம்பு எதற்கு? கிட்டை மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

#20 இரவுரெண்டர்

கிட் வந்தது. ரசீதின் படம் கேட்டார்கள், அனுப்பினேன், இலவசம்தான். பழைய ஸ்டாண்டாஃபையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. தனியாகப் பார்த்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாட்டும்போது திருப்புளி முன்பு வேறொரு இழையில் எழுதியிருந்தபடி எதிரெதிர் திருகுகளை அரை அரைச் சுற்றாக மாற்றி மாற்றி முடுக்கினேன். இந்த முறை ஸ்பிரிங் எதிர்ப்பது கடைசி இரண்டு சுற்றிலும் கையில் தெளிவாகத் தெரிந்தது. முன்பு அப்படி எதுவும் இல்லை. சந்தேகத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தேன்: பேஸ்ட் நான்கு மூலைக்கும் போயிருக்கிறது, நடுவில் சிப்பின் மேல் எழுதியிருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிய படலம். துடைத்து, புதிதாக வைத்து மறுபடி மாட்டினேன்.

65 வாட் வரம்பை எடுத்துவிட்டு சினிபெஞ்ச்: 178 வாட், 84 டிகிரி, ஸ்கோர் 23,900. பி கோர்கள் கடைசி வரை 5.1இல் நிற்கின்றன. சும்மா இருக்கும்போது 36.

வாட் அண்ணா, கணக்கை நானே போட்டேன். 84இல் 29 போனால் 55, அதை 178ஆல் வகுத்தால் 0.31.

#21 வாட்கணக்கு

பாடம் முடிந்தது, இனி நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லலாம். இருந்தாலும் இன்னும் இரண்டு இடம் பாக்கி.

ஒன்று, பயாஸில் பிஎல்1, பிஎல்2 (நீண்ட நேர, குறுகிய நேர மின் வரம்புகள்) என்ன என்று பாருங்கள். இந்தப் பிராசசரின் அடிப்படை 125 வாட், உச்ச டர்போ 181 வாட். பல போர்டுகள் ஆட்டோவில் இரண்டையும் 4095 என்று வைத்திருக்கும். வரம்பே இல்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். உங்கள் சிப் தானாகவே 180 பக்கம் நின்றுவிடுவதால் சினிபெஞ்சில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பிரைம்95 சோதனை மாதிரி ஏவிஎக்ஸ் எனும் கனமான கணக்குகள் நிறைந்த வேலை வந்தால் 200ஐயும் தாண்டும்.

இரண்டு, பயாஸ் பழசாக இருந்தால் உடனே புதுப்பியுங்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நிலைகுலைகிற பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடும் (சிப்புக்குள் இயங்கும் திருத்த நிரல்), செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்பதும் வந்தன. அவை போர்டின் பயாஸ் புதுப்பிப்பு வழியாகத்தான் உங்களிடம் வந்து சேரும். வெப்பநிலையைவிட இதுதான் உங்கள் சிப்பின் ஆயுளுக்கு முக்கியம் என்பேன்.

#22 இரவுரெண்டர்

நீங்கள் சொன்னது போலவே பிஎல்1, பிஎல்2 இரண்டும் 4095. பயாஸும் 2023இல் வந்தது. புதுப்பித்துவிட்டு வெவ்வேறு வரம்பில் ஓட்டிப் பார்த்தேன். 181இல் முன்பிருந்த ஸ்கோர்தான். 150 வாட்டில் 22,900, வெப்பம் 75. 125 வாட்டில் 21,800, வெப்பம் 67. முன்பிருந்த 178இலிருந்து 150க்கு, 28 வாட்டைக் குறைத்தும் ஸ்கோரில் இவ்வளவுதான் போகிறதா? 150இலேயே வைத்துவிடப் போகிறேன்.

#23 வாட்கணக்கு

ஆமாம். வேகத்தைக் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் ஏற்ற வோல்டேஜையும் ஏற்ற வேண்டும், மின்சாரச் செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் உச்சியில் இருக்கிற வாட்டுகள் எல்லாம் கொஞ்சூண்டு வேகத்துக்குக் கொடுக்கிற பெரிய விலை. 150 நல்ல முடிவு.

வேண்டுமானால் வோல்டேஜை 0.02, 0.02 வோல்ட்டாக இறக்கியும் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்கில் சோதிக்கப் பொறுமை இருந்தால் மட்டும். எக்ஸ்போர்ட் நடுவில் நின்றுபோவதைவிட நான்கு டிகிரி கூடுதல் எவ்வளவோ தேவலை.

#24 இரவுரெண்டர்

இன்னொன்று இருக்கிறது. சினிபெஞ்சில் எல்லாம் சரி. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஓடும் நீண்ட எக்ஸ்போர்ட்டில், பிராசசர் 130 வாட் மட்டுமே எடுக்கும்போதும் இருபது நிமிடத்தில் மெல்ல மெல்ல 86க்கு வந்து நிற்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் 76.

#25 திருப்புளி

மெல்ல ஏறுகிறது, பக்கத்தைத் திறந்தால் பத்து டிகிரி குறைகிறது. இது முழுக்க முழுக்கக் காற்றோட்டம். கேபினட்டில் ஃபேன்கள் எங்கெங்கே இருக்கின்றன?

#26 இரவுரெண்டர்

முன்னால் இரண்டு உள்ளே இழுக்கின்றன. மேலே இரண்டும் பின்னால் ஒன்றும் வெளியே தள்ளுகின்றன. திசையை மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சரிபார்த்துவிட்டேன்.

#27 திருப்புளி

திசை சரி. மேலே முன்பக்கமாக இருக்கிற ஃபேனை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். முன்னாலிருந்து வருகிற புதுக்காற்று கூலரின் வாய்க்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். கூலருக்குக் கிடைப்பது கிராஃபிக்ஸ் கார்டு கீழிருந்து அனுப்பும் வெந்நீராவி மாதிரியான காற்று மட்டும்தான். ஃபேன் கூடக் கூடக் குளிர்ச்சி கூடும் என்று எல்லாத் துளையிலும் மாட்டுகிறார்கள். கூலருக்கு மேலே, பின்பக்கமாக ஒன்று, பின்னால் ஒன்று, இவ்வளவே போதும்.

முன்பக்க முகப்பு கண்ணாடியா வலையா என்பதையும் சொல்லுங்கள்.

#28 இரவுரெண்டர்

வலைதான், உள்ளே ஒரு தூசி வடிகட்டி. மேலே முன்பக்க ஃபேனைக் கழற்றி முன்னால் மூன்றாவதாகப் போட்டேன், கார்டுக்கு நேராக. அதே எக்ஸ்போர்ட், கண்ணாடி மூடியபடி 78. திறந்து வைத்தாலும் 76தானே, திருப்தி.

#29 புதியவன்95

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினை. ரைசன் 7 7700எக்ஸ், புது கூலர், லோடில் 95 டிகிரி. நானும் ஸ்டாண்டாஃபை மாற்ற வேண்டுமா?

#30 வாட்கணக்கு

வாட்டைச் சொல்லுங்கள், பார்ப்போம். அந்தச் சிப்பின் கதை வேறு. 7000 வரிசை எக்ஸ் மாடல்கள் இடம் கொடுத்தால் 95 வரை ஏறிச் சென்று அங்கேயே நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன, 2022இல் அறிமுகத்தின்போதே ஏஎம்டி அதைச் சொல்லிவிட்டது. உங்களுடையதற்கு சாக்கெட் வரம்பு 142 வாட். 130, 140 வாட்டில் 95 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். எண் பிடிக்கவில்லை என்றால் பயாஸில் ஈக்கோ மோடு 65 வைத்தால் வரம்பு 88 வாட்டுக்கு இறங்கும், வேகத்தில் பெரிதாக இழப்பு இருக்காது. 80 வாட்டிலேயே 95 என்றால் மட்டும் கூலரைக் கழற்றுங்கள்.

#31 புதியவன்95

138 வாட்.

#32 வாட்கணக்கு

தூங்குங்கள்.

#33 இரவுரெண்டர்

கடைசியாக ஒரு கேள்வி, இது வெப்பம் இல்லை, சத்தம். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால்கூட கூலர் ஃபேன்கள் உர்ரென்று ஏறி மூன்று நொடியில் அடங்குகின்றன. நாள் முழுக்க இதே கூத்து.

#34 பழையசிப்பு

ஒற்றைக் கோர் ஒரு கணம் 5.1க்குப் பாயும்போது சென்சார் 60 காட்டும், ஃபேன் அதைப் பார்த்து மிரண்டு ஓடும். கூலரின் உலோகம் அதற்குள் அரை டிகிரிகூட ஏறியிருக்காது. பயாஸில் ஃபேன் அமைப்புக்குப் போய் ‘ஸ்டெப் அப் டைம்’ என்பதை, உங்கள் போர்டில் வேறு பெயரிலும் இருக்கலாம், ஐந்து நொடிக்குக் குறையாமல் வையுங்கள். அப்புறம் 60 டிகிரி வரை ஃபேன் வேகம் 35 சதவீதத்தில் தட்டையாக இருக்கட்டும், அங்கிருந்து 80 டிகிரிக்கு 100 சதவீதம் என்று கோட்டை ஏற்றுங்கள். ஃபேன் நான்கு பின் என்றால் பிடபிள்யூஎம் (சிக்னல் வழியாக வேகக் கட்டுப்பாடு), மூன்று பின் என்றால் டிசி (வோல்டேஜ் வழியாக) என்று தேர்வு செய்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மூன்று பின் ஃபேனைப் பிடபிள்யூஎம்மில் விட்டால் எந்தக் கோடு வரைந்தாலும் முழு வேகத்தில்தான் ஓடும்.

#35 இரவுரெண்டர்

நான்கு பின், பிடபிள்யூஎம்தான். ஆறு நொடி வைத்தேன், சத்தம் நின்றுவிட்டது. எக்ஸ்போர்ட்டில் 79, ஒரு டிகிரி கூடுதல், பரவாயில்லை. தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்க்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.